பதினோராம் இலக்கம் வந்த பதினேழு நாட்கள்

நியமனக் கடிதத்தோடு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அதிபர் கேட்டார். நல்ல வார்த்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள், அதில் கடைசி ஆறு வருடம் இங்கே. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடத்தில், பள்ளிக்கூடத்தில் இல்லாத ஒரு பிள்ளைக்கு நான் பதினேழு நாள் வரவு போட்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டினால் கோபிக்க மாட்டேன். திட்டாமல் விட்டால்தான் உங்களைப் பற்றிக் கவலைப்படுவேன்.

இது அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆனால் இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்து சாதாரண தரச் சோதனைக்கு இருத்துவதற்கென்று நடக்கிற மாற்றுப் பள்ளிக்கூடம். குருநகரில் தகப்பனோடு கடலுக்குப் போய்ப் படிப்பை விட்டவன், கரவெட்டியில் வெங்காயத் தோட்டத்தில் நின்றுவிட்டவள், புத்தளத்திலிருந்து குடும்பம் திரும்பி வந்ததில் இரண்டு இடத்திலும் வகுப்பைத் தவறவிட்டவள், தாய் குவைத்தில் இருக்கத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எல்லாரையும் ஒரே வகுப்பில் போட்டிருந்தோம். என் வகுப்பில் இருபத்து மூன்று பேர்.

நான் இங்கே வருவதற்கு முந்தி இருந்த அதிபர் அம்மா இங்கே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். வரவு இடாப்புக் கூப்பிடும்போது பெயர் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் சமயம் தெரிந்துவிடும், பல நேரம் ஊரும் தெரிந்துவிடும். அதையெல்லாம் வாசலில் விட்டுவிட்டுப் பிள்ளை உள்ளே வரட்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால் பிள்ளைகளே வரிசையாகத் தங்கள் இலக்கத்தைச் சொல்லுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல் ஓடி வரும். ஆசிரியர் குனிந்தபடி இடாப்பில் 1 போட்டுக்கொண்டு போகலாம். ஓர் இலக்கம் வராமல் இடைவெளி விழுந்தால் அங்கே 0. இடைவேளையோடு ஓடிவிடுகிற பிள்ளைகளும் இருந்ததால் காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு தடவை, இடைவேளை முடிந்த மணி அடித்ததும் இன்னொரு தடவை. எனக்கு இந்த முறை நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தலையை நிமிர்த்தவே தேவையில்லை.

பதினோராம் இலக்கம் சுலக்சி. வயது பதினைந்து. ஏழு வருடம் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவள். நீதிமன்றம் அவளை அந்த வருடத் தொடக்கத்தில்தான் பெரியம்மாவிடம் ஒப்படைத்திருந்தது. பெரியம்மா தெல்லிப்பழையில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்கும் வேலைக்கு விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டுப் போகிறவர். ஒப்படைத்தபோது நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். போகாவிட்டால் திரும்பவும் இல்லம்தான். மாதம் ஒருமுறை நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அவளுடைய வரவையும் புள்ளியையும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புவது என் பொறுப்பு. யன்னலோரம் கடைசிக் கதிரையில் இருப்பாள். கதைக்க மாட்டாள். "பதினொண்டு" என்பது மட்டும்தான் நாளுக்கு இரண்டு தடவை அவள் வாயிலிருந்து கட்டாயம் வருகிற சொல். அதையும் மெல்லிய குரலில் இழுத்துச் சொல்லுவாள்.

எனக்கு அட்டவணை என்றால் பைத்தியம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வரப்போகிறார்கள் என்று அதிபர் சொன்னதும், மாணவர்களின் குடும்பப் பின்னணியையும் புள்ளிகளையும் சேர்த்து ஒரு பகுப்பாய்வு செய்தேன். தாய் தகப்பனோடு இருப்போர் எத்தனை பேர், அவர்களின் சராசரிப் புள்ளி என்ன. தாயோடு மட்டும் இருப்போர், உறவினரோடு இருப்போர் என்று ஆறு வரிகள். நிறம் போட்டு அச்சிட்டு, பிளாஸ்ரிக் உறை போட்டு, நடைபாதையில் இருந்த அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அதில் எனக்குப் பெருமை வேறு.

திங்கட்கிழமை ஒட்டினேன். இடைவேளையில் பிள்ளைகள் கூட்டமாக நின்று வாசித்தார்கள். யாரோ பலத்து வாசிக்க, எல்லாரும் சிரித்ததும் கேட்டது. புள்ளிவிபரத்தில் இவ்வளவு ஆர்வமா என்று நான் ஆசிரியர் அறைக்குள் இருந்து பூரித்துப்போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குள் போனபோது என்னவோ மாறியிருந்தது. எங்கள் பிள்ளைகள் சத்தக்காரர். அன்றைக்கு எல்லாரும் நான் வருவதற்கு முந்தியே கதிரையில் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இலக்கங்கள் தடக்கில்லாமல் ஓடி வந்தன. "பத்து. பதினொண்டு. பன்ரெண்டு." நான் 1 போட்டேன். யன்னலோரக் கதிரையில் பை தொங்கியது, மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஆளைக் காணவில்லை என்று மனம் கேட்டதோ என்னவோ, வெளியே போயிருப்பாள் என்று பதிலையும் அதுவே சொல்லிவிட்டது.

பதினேழு நாள் எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்துத்தான் படிப்பிக்கிறோம். அவள் தையல் குழுவில் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு கணக்குச் செய்கிறாள் என்று தையல் ரீச்சர் நினைத்தார். இடாப்பைப் பார்த்தால் அவள் வந்திருந்தாள். இடாப்பில் இருக்கிறதே, பிறகென்ன?

ஆனாலும் சின்னச் சின்னதாக ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் பதினோராம் இலக்கத்தின் குரல் சளி பிடித்ததுபோலக் கரகரத்தது. அடுத்த நாள் பிஞ்சுக் குரலாக இருந்தது. எப்போதும் அந்த இழுப்பு மட்டும் மாறவில்லை. போத்தலில் தண்ணீர் தினமும் கழுத்துமட்டும் நிரம்பியிருந்தது. மத்தியானம் பார்த்தாலும் அதே அளவு. மழை நாளில் எல்லாப் பையும் நனைந்திருக்க அந்தப் பை மட்டும் காய்ந்திருந்தது. இதையெல்லாம் கண் கண்டது. ஏன் என்று கேட்க வேண்டியவள் நான், கேட்கவில்லை.

பிறகு மாதச் சோதனை வந்தது. தமிழ், கணிதம், விஞ்ஞானம் மூன்றும் ஒரே வினாத்தாளில். சோதனை நடந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போன ஆசிரியர் பெரும்பாலும் தொலைபேசியோடு வாசலில் நின்றாராம், அது பிறகு தெரிந்தது. என்னிடம் இருபத்து மூன்று விடைத்தாளும் வந்தன. நான் திருத்துகிற முறை ஒன்று உண்டு. முதலாம் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்தி முடித்துத்தான் இரண்டாம் கேள்விக்குப் போவேன். ஒரு பிள்ளையின் ஒரு பிழை அடுத்த கேள்விக்கான புள்ளியைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். கடைசியில் புள்ளியை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். போன தவணை பத்தொன்பது எடுத்த சுலக்சி வகுப்பில் முதலாம் பிள்ளை.

நன்னடத்தை உத்தியோகத்தருக்குப் போகிற படிவத்தில் எழுதினேன்: வரவு முழுமை, முன்னேற்றம் மிகச் சிறப்பு. கையெழுத்து வைத்து, திகதி போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் வகுப்பிலும் சொன்னேன்.

"பதினோராம் இலக்கத்தைப் பாருங்கோ. மனம் வைச்சால் படிக்கலாம் எண்டதுக்கு வேறை சாட்சி வேணுமோ?"

ஒருவரும் கைதட்டவில்லை, யன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. அத்தனை பேரும் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு சமன்பாட்டை எழுதினேன்.

பதினேழாம் நாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இடாப்பின் கோடுகள் கலங்கித் தெரிந்தன. சரி, வராத இலக்கத்தை ஞாபகத்தில் வைத்துப் பிறகு எழுதுவோம் என்று நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தபடி, "சொல்லுங்கோ" என்றேன். ஒன்று சொன்ன பிள்ளையின் வாய் அசைந்தது. இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனேன். பத்து.

"பதினொண்டு."

குரல் கேட்டது. ஒரு வாயும் அசையவில்லை. யன்னலோரக் கதிரையில் பை தொங்கியது, மேசையில் நிரம்பிய போத்தல், கதிரை வெறுமை. குரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

"திருப்பிச் சொல்லுங்கோ," என்றேன்.

திருப்பிச் சொன்னார்கள். இந்த முறை பதினொண்டு வாசல் பக்கத்திலிருந்து வந்தது. குரல் வேறு, இழுப்பு அதே. எழுந்து தலைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். முப்பது வருடக் கணித ரீச்சர், இருபத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவள்போல விரலை நீட்டி மூன்றாம் தரமும் எண்ணினேன்.

"பதினொண்டு எங்கை?"

குருநகர்ப் பெடியன் றொசான், வகுப்பிலேயே உயரமானவன், விரலை நீட்டி அந்த வெறுங்கதிரையைக் காட்டினான். போய்ப் பையைத் திறந்தேன். பழைய பேப்பர்கள்தான் சுருட்டி அடைத்திருந்தன.

அப்படியே ஆசிரியர் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து அவளுடைய விடைத்தாளை எடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. முதலாம் கேள்வி சரிந்த எழுத்து. இரண்டாம் கேள்வி உருண்டை எழுத்து. மூன்றாவது அழுத்தி எழுதி மற்றப் பக்கம் கீறியிருந்தது. பன்னிரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு கை. தாள் மேசை மேசையாகப் போயிருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியை எழுதியிருக்கிறார்கள். அதுதான் முதலாம் பிள்ளை. கேள்வி கேள்வியாகத் திருத்திய நான் ஒருதரமாவது அந்தத் தாளை முழுதாகப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது றிஸ்னா அழுதுகொண்டிருந்தாள். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை, சுலக்சிக்குப் பக்கத்துக் கதிரை.

"ஒவ்வொரு நாளும் ஒராள் சொல்லுறனாங்கள் ரீச்சர். பையும் போத்தலும் நாங்கள்தான் வைச்சனாங்கள். இலக்கம் வராட்டி அவவைத் திருப்பி ஹோமுக்குக் கொண்டுபோயிடுவினம். அவவே எனக்குச் சொன்னவ."

"ஏன் அவ வாறேல்லை?"

றிஸ்னா றொசானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்கள் பலகையிலை ஒட்டினனீங்கள் தானே ரீச்சர்," என்றான். "கடைசி வரி. 'நீதிமன்றக் கட்டளையின் கீழ்' எண்டு. ஆக்கள் ஒண்டு, சராசரி பத்தொன்பது எண்டு கிடந்தது. நான்தான் பெலத்து வாசிச்சனான். ஒராள் எண்டால் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும் தானே. சிரிச்சிட்டம். அவ பின்னாலை நிண்டவ. நாங்கள் காணேல்லை."

புது ரீச்சர்மாரே, சராசரி என்பது கன பேரை ஒருவருக்குள் ஒருவராக மறைத்து வைக்கிற கணக்கு. ஒரே ஆளுக்குச் சராசரி எடுத்தால் மறைக்க அங்கே எவரும் இல்லை. இந்த வகுப்பில் ஒரு வரியில் ஒராள் என்று எழுதினால் அது பெயர்தான். அந்த வரியை நான் நீல நிறத்தில் அழகாகப் போட்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

"சரி, இப்ப அவ பெரியம்மா வீட்டிலை தானே?"

"ஓம் ரீச்சர். வீட்டிலைதான்."

எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அவளுக்கு மனம் ஆறுமட்டும் இலக்கத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது, பிறகு அவள் வந்து வாங்கிக்கொள்ளுவாள். இதுதான் அவர்களின் ஏற்பாடு. பெரியம்மாவுக்கு அழைத்தேன். வேலை நேரத்தில் எடுக்கவில்லை. பத்து மணிக்குத் தேநீர் இடைவேளையில்தான் எடுத்தார்.

"என்ன ரீச்சர்? பிள்ளை உங்கைதானே?"

"விடிய பிள்ளை வெளிக்கிட்டதோ?" என்று கேட்டேன்.

"விடிய நான் வெளிக்கிடேக்கை அயன்பெட்டியாலை சட்டை மினுக்கிக்கொண்டு நிண்டவள். ஒவ்வொரு நாளும் ரெண்டரைக்கு வாறவள், இருந்து வீட்டுப்பாடம் செய்யிறவள். ஏன் ரீச்சர், என்ன?"

வீடு பள்ளிக்கூடத்தை நம்பியிருந்தது. பள்ளிக்கூடம் வீட்டை நம்பியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை சீருடையோடு தினமும் ஏழு மணித்தியாலம் எங்கேயோ இருந்திருக்கிறாள். பதினேழு நாளும் அவள் எங்கே என்று ஒரு சீவனுக்கும் தெரியாது.

அதிபர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சொன்னதும் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"பொலிசுக்கும் நன்னடத்தைக்கும் சொல்லோணும் ரீச்சர். உடனை."

"அரை மணித்தியாலம் தாங்கோ சேர். நான் தேடிப் பாக்கிறன்."

எதற்காக அந்த அரை மணித்தியாலத்தைக் கேட்டேன் என்று உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளையை நினைத்து அல்ல. 'வரவு முழுமை' என்ற என் கையெழுத்தை நினைத்து. அவரும் என் வயதுக்கு மரியாதை தந்து சம்மதித்தார். நீங்கள் யாருக்கும் அந்த மரியாதையைத் தரவேண்டாம்.

வெளியே வந்தால் றிஸ்னா நின்றாள்.

"ரீச்சர், அவ வீட்டிலை இல்லையோ?"

"இல்லை."

"எங்கடை பின்வளவிலை ஒரு பாழ்வீடு கிடக்கு. காலமையிலை அதுக்குள்ளை ஆரோ எண்ணுற சத்தம் கேக்குது எண்டு உம்மா சொல்லுறவ. ஒராள் இல்லையாம் ரீச்சர், கன குரலாம். வாப்பா ஓதித் தண்ணி தெளிச்சவர். நாங்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்லை."

அவர்களின் தெரு பள்ளிக்கூடத்திலிருந்து எட்டு நிமிட நடை. தொண்ணூறாம் ஆண்டு யுத்த நேரத்தில் ஒரே நாளில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்களின் தெரு. சிலர் திரும்பி வந்து கட்டிக்கொண்டார்கள். வராதவர்களின் வீடுகள் கூரையில்லாமல், யன்னல் இருந்த இடத்தில் ஓட்டையோடு நிற்கின்றன. றிஸ்னா சுட்டிய வீட்டுக்குள் ஒரு வேம்பு வளர்ந்து சுவருக்கு மேலே போயிருந்தது. நல்ல வெயில். ஒரு சத்தமும் இல்லை. வாசலில் கதவில்லை, ஆனாலும் எங்கள் இருவருக்கும் உள்ளே கால் வைக்க வரவில்லை.

அப்போது பள்ளிக்கூடத்து மணி கேட்டது. இடைவேளை முடிந்த மணி. அங்கிருந்து அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. மணி ஓய்ந்ததும் சுவருக்குள்ளிருந்து குரல் எழும்பியது.

"ஒண்டு."

"ரெண்டு."

றிஸ்னா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு இலக்கமும் வேறு வேறு குரல். நாலு வந்தபோது அது றொசானின் உடைந்த குரல். ஏழு வந்தபோது றிஸ்னாவின் நகம் என் கையில் இறங்கியது, ஏனென்றால் ஏழு அவளுடைய இலக்கம், வந்தது அவளுடைய குரல்.

"ஒம்பது."

"பத்து."

பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம்.

"பன்ரெண்டு."

இருபத்து மூன்று வரைக்கும் போய் நின்றது. நான் உள்ளே போனேன். கூரையில்லாத அறையில், மினுக்கிய சீருடையோடு, இரட்டைப் பின்னலோடு சுலக்சி நின்றாள். யன்னல் விளிம்பில் ஒரு கொப்பி விரித்திருந்தது. அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, இடாப்பைப்போலவே கட்டம் கட்டியிருந்தாள். இருபத்து மூன்று வரிசை, பதினேழு நாள், நாளுக்கு இரண்டு கட்டம். எல்லாருக்கும் 1. பதினோராம் வரிசை முழுக்க 0.

என்னைக் கண்டு அவள் ஓடவில்லை, அழவும் இல்லை.

"ஏனம்மா இப்பிடி?" என்றேன்.

"சும்மா இருந்தால் நேரம் போகாது ரீச்சர். எல்லாரும் இருக்கினம் எண்டு நினைச்சு அவையின்ரை குரலிலை சொன்னால் போகும்."

"பதினொண்டை ஏன் சொல்லேல்லை?"

நான் ஏதோ விளங்காமல் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"நான் வரேல்லைத் தானே ரீச்சர்."

அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். ரீச்சர்மார் பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று நான் உங்களைப்போன்ற கன பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் என் மேசையில் இரண்டு இடாப்பும் இருந்தன. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். றொசான்தான் கதைத்தான்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ ரீச்சர். அவ இனி வருவா. உங்கடை இடாப்பிலை எல்லாம் சரியாத்தானே கிடக்கு?"

உண்மைதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாம் சரி. பெரியம்மா சொல்லப் போவதில்லை. சுலக்சி இல்லத்துக்குப் போகத் தேவையில்லை. என் கையெழுத்தும் பொய்யாகாது. திருத்தினால் பதினேழு நாள் வராத பிள்ளை என்று எழுத்தில் வரும், அவளைக் கொண்டுபோய்விடலாம். அதிபரிடம் கேட்டேன். "இடாப்பு உங்கடை கையிலை, ரீச்சர்," என்றார். அவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

எனக்குப் பயம் இதுதான்: பொய் அவளை வீட்டில் வைத்திருக்கும், ஆனால் அவளை யாரும் பார்க்காமலும் வைத்திருக்கும். சிவப்புப் பேனையை எடுத்து முப்பத்து நாலு பூச்சியம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து. அட்டவணையைப் பலகையிலிருந்து கழற்றி, அதனாலேயே பிள்ளை வராமல் நின்றாள், ஒட்டியது நான் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். அதிபர் நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். பிள்ளைகள் என்னோடு கதைக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு உத்தியோகத்தர் அம்மா வந்தார். களைத்த மனுசி, கோபத்தைக் குரலில் காட்டாதவர். என் இடாப்பையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுலக்சியோடும் பெரியம்மாவோடும் தனித்தனியே கதைத்தார். முடிவில், பிள்ளை பெரியம்மாவோடேயே இருக்கட்டும் என்றும், தான் கிழமைக்கொரு தடவை வீட்டுக்கு வருவதாகவும், அப்படித்தான் நீதிமன்றத்துக்கும் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் செய்தது சரிவந்துவிட்டது என்று நெஞ்சு நிமிரவும் தொடங்கிவிட்டது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"போன கிழமை நான் பெரியம்மா வீட்டுக்குப் போக இருந்தனான்," என்றார். "உங்கடை தாள் வந்தது. வரவு முழுமை, முன்னேற்றம் மிகச் சிறப்பு எண்டு கிடந்தது. அதாலைதான் வேறை பிள்ளையைப் பாக்கப் போனனான்."

கைப்பையைத் தோளில் மாட்டியபடி அவர் தொடர்ந்தார்.

"நேற்று உங்கடை அதிபர் சொன்ன உடனை அந்தப் பாழ்வீட்டைப் போய்ப் பாத்தனான். பின்னாலை கிணறு கிடக்கே, கண்டனீங்களோ?"

"இல்லை," என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போனேன். அவள் நின்ற அறையின் பின்வாசலில் புல் மிதிபட்டு ஓர் ஒற்றையடித் தடம் இருந்தது. வெயில் ஏறியதும் அவள் பின்னால் நின்ற மரத்தின் நிழலுக்குப் போய் வந்த தடம். ஆறு அடி போனதும் கொடி படர்ந்த ஒரு பச்சைத் தரை. அதன் ஓரத்தில் தடம் வளைந்து போனது. காலால் கொடியை விலக்கினேன். கட்டுக்கல்லை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு வெறும் வட்டமாக, தரைமட்டத்தில், கறுப்பாகத் திறந்து கிடந்தது. தடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஓர் ஓட்டுத்துண்டை எடுத்து உள்ளே போட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கேயே நின்று கணக்குப் பார்த்தேன். மூன்றாம் நாளே அவள் இதற்குள் விழுந்திருந்தால்? நாலாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு நான் குனிந்தபடி "சொல்லுங்கோ" என்றிருப்பேன். பத்துக்குப் பிறகு ஒரு மெல்லிய குரல், இழுத்து, "பதினொண்டு" என்றிருக்கும். நான் 1 போட்டிருப்பேன். மாதச் சோதனையில் அவள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்திருப்பாள்.